ஓஎம்ஆர் காற்றோட்டம்: ஓப்பன்ஃபோம் சால்வரை ஜிபியுவில் ஏற்றியும் வேகம் வரவில்லை

வாடைக்காற்று: சென்னை ஓஎம்ஆர் சாலை அடுக்குமாடிகளுக்கு நடுவே காற்று ஓடுவதை ஓப்பன்ஃபோம் என்ற காற்றோட்டக் கணிப்பு மென்பொருளில் போடுகிறேன். 400×400×200, அதாவது 3.2 கோடி செல் (இடத்தைப் பிரித்த சிறு கட்டங்கள்). ஒரு செல் 2 மீட்டர். காற்றழுத்தச் சமன்பாட்டைத் தீர்க்கும் பகுதியை (சால்வர்) மட்டும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுக்கு (ஜிபியு) மாற்றியும் பெரிய மாற்றமில்லை. டபுள் பிரிசிஷன் (64 பிட் எண்கள்)தான் காரணமா? முழு சிலிக்கான் வட்டையே ஒரே சிப்பாக்கும் வேஃபர் அளவு சிப் உதவுமா?

மடைதிறப்பு: 4090-இல் எஃப்பி64 (64 பிட் கணக்கு) வேகம் எஃப்பி32 (32 பிட்) வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். ஆனால் உங்கள் சிக்கல் அதுவல்ல. இந்த சால்வர் செய்யும் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் (பெரும்பாலும் பூஜ்யங்களான அணி) பெருக்கலில் ஒரு பைட்டுக்கு 0.2 கணக்குகூட நடப்பதில்லை. டேட்டா வரும்வரை கணக்குப் பகுதி சும்மாதான் நிற்கிறது. ஒவ்வொரு நேரப் படியிலும் மேட்ரிக்ஸை சிபியுவில் கட்டி, கார்டை இணைக்கும் பிசிஐஇ வழியே தள்ளுகிறீர்கள். 4.0 பதிப்பு, 16 லேன் என்றாலும் விநாடிக்கு 32 ஜிபிதான். கார்டின் சொந்த மெமரியோ விநாடிக்கு 1008 ஜிபி தரும்.

எல்லாமே கார்டுக்குள் இருக்க வேண்டும். இதற்கு லாட்டிஸ் போல்ட்ஸ்மன் கச்சிதம்: காற்றைச் செல்லுக்குச் செல் நகரும் துகள் பரவலாகக் கணக்கிடும் முறை. அழுத்தச் சமன்பாடே கிடையாது. அதன் டி3க்யூ19 வடிவத்தில் (முப்பரிமாணம், 19 திசை) செல்லுக்கு 19 எண். எஃப்பி32, இரண்டு நகல் என்றால் 152 பைட், மொத்தம் 4.9 ஜிபி. காற்று 5 மீ/வி, லாட்டிஸ் வேகம் (ஒரு படியில் காற்று கடக்கும் செல் அளவு) 0.05 என்று வைத்தால் ஒரு படி 0.02 விநாடி. பத்து நிமிடக் காற்றுக்கு 30,000 படி. விநாடிக்கு 150 படி ஓடினாலே 200 விநாடியில் முடிந்துவிடும். லாட்டிஸ் வேகத்தை ஏற்றாதீர்கள்: கட்டட மூலைகளில் காற்று வேகமெடுக்கும், 0.1-ஐத் தாண்டினால் அமுக்கப் பிழை (காற்று அமுங்குவதுபோல் கணக்கில் வரும் பிழை) வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்.

வாடைக்காற்று: எஃப்பி32 தாங்குமா?

மடைதிறப்பு: தாங்கும், ஆனால் பரவல் மதிப்பை (செல்லின் அந்த 19 எண்களை) அப்படியே சேமிக்கக் கூடாது. ஒவ்வொன்றிலிருந்தும் அந்தத் திசைக்கான எடையை (மாறாத எண்) கழித்து, மிச்சத்தை மட்டும் வையுங்கள். நமக்கு வேண்டிய மாற்றம் மிகச் சிறியது. கழிக்காவிட்டால் ரவுண்டிங்கில் தொலைந்துவிடும். 2 மீட்டர் செல்லுக்கு எல்இஎஸ் (செல்லைவிடச் சிறிய சுழல்களைத் தோராயமாகக் கணக்கில் சேர்ப்பது), சுவர் மாடல் (சுவரை ஒட்டிய மெல்லிய காற்றடுக்குக்கான தோராயம்) இரண்டும் கட்டாயம்.

தறிநூல்: வேஃபர் பற்றி: 2020-இல் செரிப்ராஸ் நிறுவனத்தின் வேஃபர் சிப் கணினியான சிஎஸ்-1-இல் 600×595×1536 மெஷ்ஷுக்கு (செல் வலைக்கு) பைசிஜிஸ்டேப் என்ற சமன்பாடு தீர்க்கும் முறையை ஓட்டி 0.86 பெட்டாஃப்ளாப்ஸ் (விநாடிக்கு 0.86 × 10^15 கணக்கு) எடுத்தார்கள். சிப்பின் ஒரு கோருக்கு செல்களின் ஒரு செங்குத்து வரிசை. பக்கத்துக் கோரோடுதான் பெரும்பாலான பேச்சு, மெமரியும் கோருக்குள்ளேயே. ஆனால் சிப் முழுக்க மெமரி 18 ஜிபிதான், அதனால் எண்களை 16 பிட்டில் வைத்து, டாட் பிராடக்ட் கூட்டலை மட்டும் 32 பிட்டில் செய்தார்கள். கட்டடத்தை ஒட்டி வளையும் ஒழுங்கற்ற மெஷ்ஷை அதில் பரப்புவது பெரும்பாடு.

கத்திரிவெயில்: மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை என்றால் 450 வாட் கார்டு சூடாகித் தானே வேகத்தைக் குறைக்கும். பவர் லிமிட்டை 350 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். மெமரி கிளாக் அப்படியே இருக்கும்வரை இந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் இழக்க மாட்டீர்கள்.