ஊட்டி எக்ஸ் கிளாஸ் மாடல்: கிடைத்ததை மாற்றுவதா, முதலிலிருந்து செய்வதா?

கல்லாறு_கரி:
ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின் ஒன்று என் மேஜைமேல் ஓட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ரெடிமேடாக எங்கும் கண்ணில் படவில்லை. வீட்டில் இருப்பதெல்லாம் ஹெச்.ஓ. (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, அதாவது 1:87), 16.5 மி.மீ. பாதை. ஜெர்மன் டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டி எஞ்சினிலேயே இருக்கும் வகை) மாடல் ஒன்றை வாங்கி, மேலே த்ரீடி பிரிண்ட் உடம்பு மாட்டினால் போதுமா?

அரைமில்லி:
போதாது. 16.5-ஐ 87-ஆல் பெருக்குங்கள், 1435 மி.மீ. வரும். அது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்ட் கேஜ், அதாவது தண்டவாளங்களின் இடைவெளி. நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், 1000 மி.மீ. முன்பக்கம் இருந்து பார்த்தால் ஒல்லி உடம்புக்காரன் காலை அகட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஹெச்.ஓ.தான் வேண்டும் என்றால் 12 மி.மீ. பாதைக்கு மாறுங்கள், அடிச்சட்டத்தையும் நீங்களே பித்தளைத் தகட்டில் அறுத்துச் செய்யுங்கள்.

பழையபெட்டி:
அண்ணன் வந்தாலே பித்தளைதான் :) 12 மி.மீ.ல ஸ்விஸ் ஃபுர்கா லைனோட எச்.ஜி. 3/4 எஞ்சினை பெமோங்கிற மாடல் கம்பெனி போட்டிருக்காங்க. ஊட்டி எஞ்சினைச் செஞ்ச அதே வின்டர்தூர் எஸ்.எல்.எம். கம்பெனி, அதே 1914 வாக்குல வந்தது, அதே ஆப்ட் பல்சட்டம் (ஏற்றத்துல எஞ்சினோட பல்சக்கரம் கவ்வ, பாதை நடுவுல இருக்கிற பல் வெச்ச சட்டம்). வாங்கி நீலம் அடிங்க, முடிஞ்சது வேலை.

அரைமில்லி:
ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், முகம் வேறு. எச்.ஜி. 3/4-இல் முன்னால் ஒரு சின்ன அச்சு, அப்புறம் ராடால் ஒன்றோடொன்று இணைந்து சுற்றும் மூன்று அச்சுகள். எக்ஸ் கிளாஸில் நான்கு இணைந்த அச்சுகள், சின்ன அச்சு பின்னால். நீலம் அடித்தால் அச்சு இடம் மாறாது தம்பி.

நாலாம்பிளாட்பாரம்:
எல்லாரும் ஏன் 87-ஐயே பிடித்துத் தொங்குகிறோம்? பாதையை வைத்துக்கொண்டு அளவை மாற்றுங்கள். 1:64 எடுத்தால் 16.5 மி.மீ. பாதை 1056 மி.மீ. ஆகிறது. மாடலில் பிழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அரைமில்லி சார் சொல்லும் 12 மி.மீ. பாதையும் 1044 தான், அதுவும் சுத்தமில்லை. 1067 மி.மீ. ரயில்களுக்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே கணக்கில்தான் செய்கிறார்கள்.

அடிச்சட்டத்துக்கு ஜெர்மன் 81 வகுப்பு டேங்க் எஞ்சினைப் பாருங்கள். நான்கு இணைந்த அச்சு, நிஜத்தில் 1100 மி.மீ. சக்கரம். ஹெச்.ஓ. மாடலில் அது 12.6 மி.மீ. 1:64-இல் அதே சக்கரம் 80 செ.மீ. ஆகிவிடும். ஊட்டி எஞ்சினின் குட்டைச் சக்கரத்துக்குக் கிட்டே வந்துவிட்டோம். பின்னால் ஒரு அச்சு மட்டும் சேர்க்க வேண்டும்.

கல்லாறு_கரி:
இது எனக்குத் தோன்றவே இல்லை! ஆனால் என் பெட்டிகள், ஸ்டேஷன், ஆட்கள் எல்லாம் 1:87 ஆச்சே.

நாலாம்பிளாட்பாரம்:
விற்றுவிடுங்கள். அல்லது தூரத்தில் வையுங்கள், தூரத்தில் இருப்பது சின்னதாகத்தானே தெரியும்.

அரைமில்லி:
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். அச்சு இடைவெளியை வரைபடத்தோடு ஒப்பிடாமல் வாங்க வேண்டாம். ஆனால் நிஜமான தலைவலி அளவில் இல்லை. ஒவ்வொரு பக்கமும் சிலிண்டர் ஒன்றின் மேல் ஒன்று. கீழ் சிலிண்டர் சக்கரத்துக்கு, மேல் சிலிண்டர் பல்சக்கரத்துக்கு. நடுவில் ஒரு கியர் இருப்பதால் மேல் ராட் கீழ் ராடுக்கு எதிர்த் திசையில் சுற்றும். அந்த ஆட்டம்தான் ஊட்டி எஞ்சின். 81-இன் அடிச்சட்டம் அதைத் தருமா? மேலே செத்த ராடை ஒட்டி வைத்தால் அது பொம்மை.

பழையபெட்டி:
அண்ணே, மேட்டுப்பாளையத்துல ஏறி கல்லாறு வரைக்கும் ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டிப் பாத்திருக்கீங்களா? பாதை நடுவுல பல்சட்டமே கிடையாது. மேல் சிலிண்டருக்கு நீராவி போகாது, மேல் ராட் அப்படியே நிக்கும். கல்லாறு தாண்டி பல் கவ்வினப்புறம்தான் அது உயிர் பெறும். சமதளத்துல ஓடுற மாடல்ல மேல் ராட் ஆடினாத்தான் தப்பு!

நாலாம்பிளாட்பாரம்:
😂 இதற்கு என்ன சொல்கிறீர்கள் சார்?

அரைமில்லி:
(ஒரு நாள் கழித்து வருகிறேன்.) பழைய வீடியோக்களைப் பார்த்தேன். தம்பி சொல்வது சரி. ஆனால் மலையே இல்லாத ஊட்டி ரயில் என்பது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்த கதை. 12-க்கு 1 ஏற்றம் என்றால் ஒரு மீட்டர் பாதைக்கு 8 செ.மீ.க்கு மேல் ஏற வேண்டும். எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் காட்சியை விட்டுவிட்டு, சமதளத்தில் சுற்றுவதற்கா இத்தனை பாடு?

கல்லாறு_கரி:
எனக்கு மேட்டுப்பாளையம் பிளாட்பாரமே போதும் சார். மேல் ராடை ஒட்டிவிடுகிறேன். 1:64, த்ரீடி உடம்பு. முதல் பிரிண்ட் ஏற்கெனவே எடுத்துப் பார்த்தேன். பக்கத் தண்ணீர்த் தொட்டி வெயிலில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது, சுவரைத் தடிமனாக்கி மறுபடி எடுக்க வேண்டும்.

அரைமில்லி:
உள்ளே குறுக்குத் தடுப்புகள் இரண்டு வையுங்கள், வளையாது. அதற்கு முன் எந்த எண், எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள். கரியில் ஓடியதா, எண்ணெய்க்கு மாற்றியதா, 2011-க்குப் பிறகு பொன்மலைப் பட்டறையில் புதிதாகக் கட்டியதா? பின்பக்கம் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது.

கல்லாறு_கரி:
கரிதான். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்த எஞ்சின் முன்னால் எடுத்த போட்டோ இருக்கிறது. 3738 வரை தெளிவாகத் தெரிகிறது, கடைசி எண்ணை மாமாவின் தலை மறைக்கிறது.

அரைமில்லி:
ஸ்கேன் செய்து போடுங்கள். மாமா தலைக்கு மேலே தெரியும் வரை போதும்.