ஒரே ஃபீல்டு, மூன்று பெயர்: லாம்பாக் மாட்டிவிட்ட கதை

ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் சர்வர் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) ப்ராஜெக்ட். வாடிக்கையாளர் விவரங்களுக்கான ஜாவா கிளாஸில் கெட்டர், செட்டர் (ஃபீல்டின் மதிப்பை எடுக்கவும் வைக்கவும் உதவும் மெத்தட்கள்) எல்லாம் எக்லிப்ஸ் எடிட்டர் எழுதிக் கொடுத்தவை. டீமில் ஒருவர் அத்தனையையும் அழித்துவிட்டு, அவற்றைத் தானாகவே உருவாக்கித் தரும் லாம்பாக் லைப்ரரியின் @டேட்டாவைப் போட்டார். பில்ட் ஓகே, டெஸ்ட்டும் பாஸ். ரிலீஸுக்கு அப்புறம்தான் புகார்: புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு மெயில் போகவில்லை. டேபிளைத் திறந்தால் பெயரும் போன் நம்பரும் ஒழுங்காக இருக்கின்றன, மெயில் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்', அதாவது காலி. லாகில் ஒரு எர்ரர்கூட இல்லை.

வினை ஃபீல்டின் பெயரில் இருந்தது. 'இமெயில்' என்பதில் இ சின்ன எழுத்து, எம் பெரிய எழுத்து. எக்லிப்ஸ் 'கெட்', 'செட்' போட்டபின் அந்தச் சின்ன இ-யைத் தொடாது. லாம்பாக் அதைப் பெரிதாக்கிவிடும். ஜாவா ஆப்ஜெக்ட்டை ஜேசானாக (ஆப்பும் சர்வரும் தரவைப் பரிமாறும் வடிவம்) மாற்றும் ஜாக்சன் லைப்ரரியோ இந்த மெத்தட் பெயர்களை வைத்துத்தான் ஜேசான் பெயரை முடிவு செய்கிறது. 'கெட்', 'செட்' போக மீதியில் முன்னால் வரிசையாக நிற்கும் பெரிய எழுத்துகளை எல்லாம் சின்னதாக்கிவிடும். ஆக, எம்-மும் சின்னதாகிவிட்டது. மொபைல் ஆப் பழைய பெயரிலேயே அனுப்பியது. தெரியாத பெயர் வந்தால் கண்டுகொள்ளாதே என்பதுதான் ஸ்பிரிங் பூட்டின் டீஃபால்ட். மெயில் ஐடி சத்தமில்லாமல் காணாமல் போனது.

ஜாக்சனில் ஜாவாபீன்ஸ் (ஜாவாவின் அதிகாரப்பூர்வப் பெயரிடும் விதிகள்) முறைக்கு மாற்றும் செட்டிங் உண்டு. அதுவும் இங்கே உதவாது. ஜாவாபீன்ஸ் விதிப்படி முதல் இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால் அப்படியே விட வேண்டும் ('யூஆர்எல்' போன்ற பெயர்களுக்காக). அப்போது இ, எம் இரண்டும் பெரிதாக மூன்றாவது பெயர் ஒன்று கிடைக்கும்! ஜேசான் பெயரை நாமே சொல்லிவிட, ஃபீல்டின் மேல் @ஜேசான்ப்ராப்பர்ட்டி போட்டுப் பார்த்தோம். எங்களிடம் இருந்தது பழைய லாம்பாக். சர்வர் அனுப்பிய பதிலில் பழைய பெயர், எல்லாம் சின்ன எழுத்தான பெயர் இரண்டும் சேர்ந்தே வந்து நின்றன.

கடைசியில் கைகொடுத்தது, லாம்பாக்கைப் புதுப்பித்துவிட்டு அதன் கான்ஃபிக்கில் கேப்பிட்டலைசேஷனை 'பீன்ஸ்பெக்' (எக்லிப்ஸ் மாதிரியே அந்தச் சின்ன இ-யைத் தொடாத முறை) என்று மாற்றிய ஒரே வரி. ஆப்பை மாற்ற முடியாத நிலையில் அதுதான் வழி. புது கிளாஸ் என்றால் ஒற்றைச் சின்ன எழுத்தில் தொடங்கி உடனே பெரிய எழுத்து வரும் இந்த மாதிரிப் பெயரே வேண்டாம் என்பேன்.

'இஸ்ஆக்டிவ்' கதை தனி. ஃபீல்டின் வகை சின்ன பூலியன் (சின்ன பி-யில் தொடங்குவது, ஆம்/இல்லை மட்டும்) என்றால் லாம்பாக் 'இஸ்'ஸை இரண்டாம் முறை சேர்க்காது, ஜேசானில் வெறும் 'ஆக்டிவ்' வரும். 'நல்' வரலாமே என்று யாராவது அதைப் பெரிய பி-யில் தொடங்கும் பூலியனாக மாற்றினால் கெட்டர் 'கெட்இஸ்ஆக்டிவ்' ஆகும், ஜேசானில் பெயரும் 'இஸ்ஆக்டிவ்' என்று மாறிவிடும். ரிவ்யூவில் பார்த்தால் ஒரு எழுத்து மாறியதாக மட்டும்தான் தெரியும்.