அடரால் கையேடு: சரிபார்க்க மருந்தாளுநர்கள் தேவை

குழுவில் உள்ள மருந்தாளுநர்களுக்கும் மனநல மருத்துவர்களுக்கும் வணக்கம். அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்காக, தேர்வு நேரத்தில் அடரால் (ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஆம்ஃபெட்டமின் வகை ஊக்க மருந்து) போடும் பழக்கம் பற்றி இரண்டு பக்கக் கையேடு தயாரிக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் யாராவது பார்த்துக் கொடுங்கள்.

சாதாரண மாத்திரை 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்யும். எக்ஸ்ஆர் (நீண்ட நேரம் வேலை செய்யும்) கேப்ஸ்யூலில் பாதி மணிகள் உடனே கரையும். மீதி சுமார் 4 மணி நேரம் கழித்து. நசுக்கிப் போட்டால் மொத்தமும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். கூடவே மது குடித்தால் போதை ஏறியதே தெரியாது. அளவு மீறிப் போய்விடும். தூக்கம் விலகும், ஆனால் படிக்காத பாடம் மண்டையில் ஏறாது.

எங்களுக்குப் பெரிய கவலை வெளியில் வாங்கும் மாத்திரைதான். அதே ஆரஞ்சு நிறம், அதே எழுத்து, உள்ளே மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளோ, ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டோ இருக்கலாம். ஃபென்டனில் 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கக்கூடும். நலாக்சோன் என்ற மாற்று மருந்து ஃபென்டனிலுக்குக் கேட்கும், ஆம்ஃபெட்டமினுக்குக் கேட்காது. ஆள் மூச்சுத் திணறினால் எது என்று யோசிக்காமல் 911ஐ அழைத்து, நலாக்சோனைக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். சரிதானே?

அடரால் அமெரிக்காவில் அட்டவணை 2 மருந்து, அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் மருந்து. தன் மாத்திரையில் ஒன்றை நண்பனுக்குச் சும்மா கொடுப்பதும் குற்றம். தண்டனை வந்தால் விசாவுக்கே ஆபத்து.

ஒரு இடத்தில் திணறுகிறோம். ஏடிஎச்டி உள்ள மாணவர் இதைப் படித்துப் பயந்து தன் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பத்தியை எப்படி எழுதலாம்? நோயாளிகளிடம் நீங்கள் சொல்லும் வார்த்தைகளையே கீழே எழுதுங்கள்.