டோம் போர்ட்: 'குவிமுகப்பு' வேண்டாம், 'கிண்ண முகப்பு' போதும்

குழுவினருக்கு வணக்கம்.

நீருக்கடியில் படமெடுக்கும் கேமராவின் டோம் போர்ட் (வெளிப்புறம் வளைந்த கண்ணாடி), ஃபிளாட் போர்ட் (தட்டையான கண்ணாடி) இரண்டுக்கும் தமிழில் 'குவிமுகப்பு', 'தட்டை முகப்பு' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். 'முகப்பு' எனக்கு முழுச் சம்மதம். நீர்புகாக் கூட்டில் லென்சுக்கு நேர் எதிரே இருக்கும் கண்ணாடியைச் சட்டென்று காட்டிவிடுகிறது.

'குவி'தான் இடிக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் குவிலென்சு ஒளியைக் குவிப்பது. இந்த வளைந்த கண்ணாடி தண்ணீருக்குள் செய்வதோ நேர் எதிர். வெளியே நீர், உள்ளே காற்று. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் குழிலென்சு மாதிரி வேலை செய்து, கண்ணாடிக்கு முன்னால் ஒரு மாய பிம்பத்தை உண்டாக்குகிறது. கேமரா ஃபோகஸ் செய்வது மீனை அல்ல, அந்தப் பிம்பத்தை. கண்ணாடியின் வளைவு ஆரம் 10 செ.மீ. என்றால், எவ்வளவு தொலைவில் இருக்கும் பொருளின் பிம்பமும் கண்ணாடியிலிருந்து சுமார் 30 செ.மீ.க்குள் அடங்கிவிடும். லென்ஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸ், தரையில் எவ்வளவு நல்ல பெயர் வாங்கியிருந்தாலும் இங்கே உதவாது. 'குவி' என்று படித்துவிட்டு வருகிறவருக்கு இது தலைகீழாகத்தான் பதியும்.

தட்டை முகப்பில் பார்வைக் கோணம் சுருங்கும், 28 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 37 மி.மீ. போல ஆகிவிடும், ஓரங்களில் நிறம் பிரியும். மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கி எடுக்கும் மேக்ரோவுக்கு அதுவே நல்லது.

சென்னை நீலாங்கரைக்கு அப்பால் கடலில் முக்குளிக்கிறவர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. நம் கடல் பெரும்பாலும் கலங்கல். மழைக்காலத்தில் கூவமும் அடையாறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும்போது சொல்லவே வேண்டாம். மீனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் குறையக் குறையத்தான் படம் தெளியும். மிக அகன்ற கோணம் பிடிக்கும் மீன்கண் லென்ஸ் போட்டு, ஒரு முழம் வரை நெருங்கி எடுக்க வேண்டும். அதற்கு இந்த வளைந்த முகப்பு இல்லாமல் முடியாது.

ஆகவே 'கிண்ண முகப்பு' என்பது என் பரிந்துரை. வடிவத்தை மட்டும் சொல்கிறது, ஒளியைப் பற்றித் தவறாக எதையும் ஏற்றுவதில்லை. 'குவிமாட முகப்பு' என்றால் மறுபடி அதே 'குவி' வந்து நிற்கும். 'கவிகை' அழகான சொல்தான். ஆனால் பேச்சில் சட்டென்று வராது. அக்ரிலிக் முகப்பில் கீறல் சுலபமாக விழும் என்பதால் எச்சரிக்க வேண்டியிருக்கும். படகில் கேமராவைக் கைமாற்றும்போது "கிண்ணத்தைப் பார்த்துப் பிடி" என்று யாருக்கும் வாயில் வரும். வாயில் வரும் சொல்தான் நிலைக்கும்.

அப்புறம் ஒன்று. லென்ஸ் கிண்ணத்தின் வளைவு மையத்தோடு சரியாகப் பொருந்துவதற்காக, கூட்டுக்கும் முகப்புக்கும் நடுவே ஒரு வளையம் திருகுகிறோமே, அதற்கு 'இடைவளையம்' சரியா? 'நீட்டு வளையம்' என்றால், மேக்ரோவுக்காக லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் வளையத்தோடு குழம்பும் என்று தயங்குகிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள்.