‘நேர ஒத்திசைவு’ போதுமா? எஃப்டி8 கையேட்டுக்கு ஒரு கலைச்சொல்

அஸ்தம்பட்டி, சேலம்:

நம் கலைச்சொல் மடற்குழுவின் அவையோர்க்கு வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஏற்காட்டில் ஹாம் வானொலிப் (ஆர்வலர்கள் உரிமம் பெற்று இயக்கும் வானொலி) பயிற்சி நடக்கவிருக்கிறது. அதற்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கணினிக் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது பற்றிய இயல் முடிந்துவிட்டது. அதன் தலைப்புச் சொல்தான் இன்னும் அமையவில்லை. மாணவர்கள் ‘டைம் சிங்க்’ என்கிறார்கள்.

வானொலியில் பழக்கமில்லாத உறுப்பினர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். எஃப்டி8 என்பது ஸ்டீவ் ஃபிராங்கும் ஜோ டெய்லரும் வடிவமைத்து 2017-இல் வெளிவந்த, கணினி வழியே வானொலியில் குறுஞ்செய்தி பரிமாறும் எண்ணிம முறை. துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற அதே டெய்லர்தான் இவர். இம்முறையில் ஒவ்வொரு நிமிடமும் 15 விநாடி கொண்ட நான்கு கூறுகளாகப் பிரிகிறது. ஒரு நிலையம் ஒரு கூற்றில் 12.64 விநாடி அனுப்பும். எதிர் நிலையம் அடுத்த கூற்றில் மறுமொழி தரும். கேட்கும் மென்பொருள் கூற்றின் தொடக்கத்தை ஒட்டியே குறிகளைத் தேடுவதால், நம் கடிகாரம் இரண்டு, இரண்டரை விநாடிக்கு மேல் விலகிவிட்டால் ஒலிபெருக்கியில் குறிகள் தெளிவாகக் கேட்டாலும் திரையில் ஒரு வரிகூட வராது.

எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். இந்தக் கணத்தில் நம் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. அந்த வேறுபாடு நாள்தோறும் வளரும் போக்கு இரண்டு. அதைத் திருத்திக்கொண்டே இருக்கும் செயல் மூன்று.

சூரமங்கலம்:

அம்மா, மூன்றாவதற்குப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ‘ஒத்திசைவு’ வழக்கில் வேரூன்றிவிட்டது. கைப்பேசியின் தமிழ் இடைமுகத்திலும் அச்சொல்லே இருக்கிறது. பொருளாலும் அது தகுதியானது. கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது, தாய்ப்பலகையில் காசு வடிவ மின்கலத்தால் ஓடும் குவார்ட்சு படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும் அப்படிகம் இசைக்கவையின் வடிவத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. கடிகாரத்தின் உள்ளேயே இசைக்கவை இருக்கையில், இரு கடிகாரங்கள் ஒன்றுபடுவதை ஒத்திசைவு என்று சொல்வதில் என்ன குறை?

நாகலூர், ஏற்காடு:

குறை இருக்கிறது, ஐயா. ஹாம் வானொலியில் ‘இசைவு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வாங்கியை அலைவரிசைக்கு இசைவிக்கிறோம். ஆன்டெனாவை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவருகிறோம். கையேட்டின் ஒரே பக்கத்தில் ஒத்ததிர்வும் ஒத்திசைவும் அடுத்தடுத்து வந்தால், கடிகாரம் சரியில்லாத மாணவர் ஆன்டெனாவின் நீளத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுவார். கைப்பேசியில் ‘ஒத்திசை’ என்பதற்கு மக்கள் கொள்ளும் பொருளும் தொடர்பு எண்களைப் படியெடுப்பது என்பதுதான்.

இதைவிட அடிப்படையான மறுப்பு ஒன்று எனக்குண்டு. எஃப்டி8-க்குத் தேவைப்படுவது நேரமே அன்று. என் கணினி ஒரு மணி நேரம் பிந்தியிருந்தாலும் கூற்றின் தொடக்கம் பொருந்தினால் குறிகள் திரையில் எழுத்தாக வரும். இந்திய நேரத்தில் ஓடினாலும் உலக நேரத்தில் ஓடினாலும் வேறுபாடு ஐந்தரை மணி என்பதால் விநாடிகள் அதே இடத்தில் விழுகின்றன. பதிவேட்டில் நேரம் தவறும் என்பது உண்மை, ஆனால் தொடர்பு நடக்கும். மாறாக, மூன்று விநாடி தவறினால் எல்லாம் போயிற்று.

மலையில் மழை பிடித்துக்கொண்டால் கைப்பேசிக் கோபுரமும் இணையமும் போய்விடும். கணினி தன் படிகத்தை நம்பி ஓடும். அப்போது எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் திரையில், வந்த குறிக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விநாடியில் காட்டும் ‘டிடி’ என்ற நிரலைப் பாருங்கள். ஜப்பான் நிலையத்துக்கு 1.3, இத்தாலிக்கு 1.4, பெங்களூருக்கு 1.3 என்று வரும். உலகமே ஒன்றே கால் விநாடி தாமதிப்பதில்லை. நம் கடிகாரம் அவ்வளவு முந்தியிருக்கிறது என்பதே அதன் பொருள். மாணவர் கண் வைக்க வேண்டியது அந்த நிரலின் மீதுதான். ஆகவே ‘விநாடிப் பொருத்தம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

ஆத்தூர்:

நாகலூர் நண்பரின் கருத்தை ஏற்கிறேன். அவர் எடுத்த சொல்லை ஏற்க இயலவில்லை. நம் பழைய கணக்கில் 60 நாழிகை ஒரு நாள். 60 விநாடி ஒரு நாழிகை. நாழிகை 24 நிமிடம் என்பதால், விநாடி 24 செக்கண்டு ஆகிறது. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விநாடியில் எஃப்டி8 கூறு ஒன்றும் அதற்கு மேலும் அடங்கிவிடும். ‘நொடி’ என்பதே தக்கது. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு கூறுகையில் ‘கண்ணிமை நொடியென’ என்று இயல்பான இமைப்பையும் விரல் நொடிப்பையும் அளவாகக் கொள்கிறது. அம்மையாரின் வரைவில் எஃப்டி8-இன் ஒரு குறியொலி 0.16 விநாடி நீள்கிறது என்றும், 79 குறியொலிகள் சேர்ந்தே 12.64 விநாடி ஆகிறது என்றும் கண்டேன். ஒரு குறியொலி ஏறத்தாழ ஓர் இமைப்பொழுது என்று மாணவர்க்குச் சொல்லலாமே!

‘இசை’ பற்றியும் ஒன்று கூற வேண்டும். முல்லைப்பாட்டில் பாசறையிலுள்ள அரசனிடம் ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’ வந்து, ‘குறுநீர்க் கன்னல் இனைத்தென்று இசைப்ப’ என்று வருகிறது. நீர்க்கடிகாரம் காட்டும் பொழுதை அவர்கள் அறிவிக்கிறார்கள். அங்கே இசைத்தல் என்றால் சொல்லுதல். இன்று நம் கணினி, இணையத்தில் சரியான நேரம் தரும் நேர வழங்கியைக் கேட்பதும் அது பொழுதை இசைப்பதும் அதே உறவுதான். எனவே ‘இசை’ என்ற வேரை நான் வெறுக்கவில்லை. ஆயினும் தனித்து நிற்கும் சொல்லாகப் ‘பொழுதொப்பு’ என்பதை முன்மொழிகிறேன். சுருக்கமானது, ஒத்ததிர்வோடு குழம்பாது.

மேட்டூர்:

ஐயாவின் மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஏன் ஒரு நிலையமும் வரவில்லை என்று தவிக்கும் மாணவர், கையேட்டைப் புரட்டி ‘பொழுதொப்பு’ என்ற தலைப்பைக் கண்டால் தாண்டிப் போய்விடுவார். ‘டைம் சிங்க்’ என்று தமிழ் எழுத்தில் போட்டால் உடனே நிற்பார். விநாடிப் பொருத்தம் என்பதிலும் இடர் உண்டு. விஸ்பர் என்ற இன்னொரு எண்ணிம முறையில் ஒரு கூறு இரண்டு நிமிடம் நீளும். அது இரட்டைப்படை நிமிடத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே நிமிடமும் பொருந்தியாக வேண்டுமே?

சூரமங்கலம்:

பெயரைப் பற்றிப் பேசும்போது செயலை நாம் ஒன்றாகவே கருதுகிறோம். அங்கேதான் மாணவர்கள் இடறுகிறார்கள். கடிகாரத்தை ஒருமுறை சரியாக வைப்பது வேறு. சரியாகவே இருக்கும்படி காப்பது வேறு. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகம் ஒரு நாளில் 1.7 விநாடி தவறும். விண்டோஸின் பல பதிப்புகள் இயல்பான அமைப்பில் வாரத்துக்கு ஒருமுறைதான் நேர வழங்கியைக் கேட்கும். திங்களன்று காலை சரியாக வைத்த கணினி புதன்கிழமை காலைக்குள் மூன்று விநாடிக்கு மேல் விலகிவிடலாம். இசைக்கவை வடிவப் படிகம் 25 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்துக்கென அமைந்தது. சூடு ஏறினாலும் குறைந்தாலும் அது பிந்தவே செய்யும். ஆகவே சேலத்துச் சித்திரை வெயிலும் ஏற்காட்டு மார்கழிக் குளிரும் அணைந்திருக்கும் கணினியின் கடிகாரத்தை ஒரே திசையில்தான் தள்ளும்.

திருத்துவதிலும் இரு வகை உண்டு. நேர வழங்கியிடமிருந்து நேரம் பெறுவதற்கான என்டிபி நெறிமுறைப்படி இயங்கும் மென்பொருள், வேறுபாடு 128 மில்லி விநாடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சற்றே விரைவாக்கியோ மெதுவாக்கியோ பையப் பைய இணைத்துவிடும். அதற்கு மேல் போனால் ஒரே எட்டில் மாற்றிவிடும். பையத் திருத்துவதற்கும் வரம்பு உண்டு. பத்து இலட்சத்தில் 500 பங்கு என்ற வேகத்தில் முழு ஒரு விநாடியை அப்படித் திருத்த முற்பட்டால் 33 நிமிடம் ஆகும். முன்னதைத் ‘தவழ் திருத்தம்’ என்றும் பின்னதைத் ‘தாவு திருத்தம்’ என்றும் சொல்லலாம். தொடர் செயலுக்கு ஒத்திசைவு என்பதையே மீண்டும் பரிந்துரைக்கிறேன்.

ஆத்தூர்:

தவழ் திருத்தமும் தாவு திருத்தமும் மிக நன்று. வேறு மாற்று வேண்டாம். நாள்தோறும் வளரும் போக்குக்கு ‘நழுவல்’ பொருந்தும். இந்தக் கணத்து வேறுபாட்டை வரைவில் ‘பிசகு’ என்று எழுதியிருக்கிறார்கள். பிசகில் யாரோ தவறு செய்தார்கள் என்ற சாயல் இருக்கிறது. கடிகாரம் முந்துவதும் பிந்துவதும் அதன் இயல்பு. ஊர் வழக்கிலேயே முந்தல், பிந்தல் என்று இரு சொற்கள் இருக்கையில், திசையையும் சேர்த்துச் சொல்லும் அவற்றை விடுவானேன்?

நாகலூர், ஏற்காடு:

முந்தல், பிந்தல் எனக்கும் உடன்பாடு. டிடி நிரலில் எல்லா நிலையங்களுக்கும் மிகையெண் வந்தால் நம் கடிகாரம் முந்தல், குறையெண் வந்தால் பிந்தல் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இணையம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் ஏற்பியைச் சன்னலோரம் வைத்து நேரம் பெறும் முறையையும் சேருங்கள். மலையில் அதுதான் கை கொடுக்கும்.

அஸ்தம்பட்டி, சேலம்:

அனைவர்க்கும் நன்றி. முந்தல், பிந்தல், நழுவல், தவழ் திருத்தம், தாவு திருத்தம் ஆகிய ஐந்தும் கையேட்டில் ஏறிவிட்டன. தலைப்பாக ‘நேர ஒத்திசைவு’ என்றே வைத்திருக்கிறேன்; தனி மடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதையே கேட்டார்கள். முதல் பத்தியில் ‘இதை நீங்கள் டைம் சிங்க் என்று கேட்டிருப்பீர்கள்’ என்ற வரி இருக்கிறது. ஒத்ததிர்வு என்ற சொல் இந்த இயலில் வராதபடி பார்த்துக்கொண்டேன். ‘விநாடி’ பாடநூல் வழக்கு என்பதால் அப்படியே நிற்கிறது. ஆத்தூர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

நாகலூர், ஏற்காடு:

அச்சுக்குத் தடை சொல்லவில்லை, அம்மா. ஆனால் தலைப்பில் உள்ள ‘நேர’ என்ற சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை. விஸ்பருக்கு நிமிடமும் பொருந்த வேண்டும் என்று மேட்டூர் நண்பர் சொன்னது சரி; அதனால் விநாடிப் பொருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ‘கூற்றுப் பொருத்தம்’ என்று மாற்றுகிறேன். 15 விநாடிக் கூறாயினும் இரண்டு நிமிடக் கூறாயினும், எஃப்டி4 என்ற முறையின் ஏழரை விநாடிக் கூறாயினும் அது பொருந்தும். அடுத்த பதிப்பில் இதை மறுபடியும் எடுப்போம்.

ஆத்தூர்:

கூற்றுப் பொருத்தம் எனில், கூற்று என்பதைப் பேச்சு என்று கொள்வார்களே? ‘கூறு’ வேற்றுமைப் புணர்ச்சியில் ஒற்று இரட்டிக் கூற்றாவது விதிதான். ஆயினும் குழப்பம் தராத வேறு சொல்லைத் தேடலாமே? புணர்ச்சி விதியை எடுத்து விரிவாக நாளை எழுதுகிறேன்.