மறு: செல்ஃப் அசெம்ப்ளிக்கு 'சுய ஒருங்கிணைப்பு' சரியா?

வணக்கம் நண்பர்களே,

மூலக்கூறுகள் வெளியாள் யாரும் சேர்த்துவைக்காமல் தாமாகவே ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பாவதை ஆங்கிலத்தில் செல்ஃப் அசெம்ப்ளி என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. இழையை முழுக்கப் படித்தேன். இதுவரை 'சுய ஒருங்கிணைப்பு', 'தன்னொழுங்கமைவு', 'தன்திரள்வு' என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே மோசமில்லை. ஆனால் சொல்லை வைத்துச் சண்டை போடுவதற்கு முன்னால் இதற்கு நல்ல உதாரணமான கொழுப்பு அமிலம் தண்ணீருக்குள் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

மூலக்கூறின் ஒரு முனையில் கார்பாக்சில் தலை, அதற்குத் தண்ணீரோடு நல்ல ஒட்டுதல். மறுபக்கம் ஹைட்ரோகார்பன் வால். வால் தண்ணீரை வெறுக்கிறது என்று வழக்கமாக எழுதிவிடுகிறோம், உண்மையில் வெறுப்பெல்லாம் ஒன்றுமில்லை. வால் நடுவில் வந்து நின்றால், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பை விடாமல் வைத்துக்கொள்ள ஒரு குறிப்பிட்ட வாகில்தான் நிற்க வேண்டியிருக்கிறது, இஷ்டத்துக்குத் திரும்ப முடிவதில்லை. வால்கள் ஒன்றோடொன்று ஒதுங்கிக்கொண்டால் அந்த நீர் விடுதலையாகிறது, என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, கூடுகிறது. ஆக, வால்களைச் சேர்த்துவைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். (இதனால் 'நீர்வெறுப்பு' என்ற சொல்லையும் ஒருநாள் விசாரிக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.)

மூலக்கூறுகள் குறைவாக இருக்கும்போது தனித்தனியாகவே மிதக்கின்றன. ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால்தான் மிசெல், அதாவது வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாகச் சேர்ந்த நுண்ணிய உருண்டை, உருவாகிறது. 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலத்தின் சோடியம் உப்புக்கு அந்த வரம்பு லிட்டருக்கு ஏறக்குறைய 25 மில்லிமோல், 10 கார்பன் என்றால் 100 பக்கம். வாலில் இரண்டு கார்பன் கூடினால் வரம்பு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. மிசெல் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதையும் வால்தான் முடிவு செய்கிறது. உருண்டையின் நடுவில் வெற்றிடம் இருக்க முடியாது, அதனால் ஆரம் நீட்டிப் பிடித்த வாலின் நீளத்தைத் தாண்டாது. 12 கார்பன் வால் சுமார் 1.7 நானோமீட்டர். அந்த உருண்டைக்குள் 50, 60 மூலக்கூறுகள் அடங்கும், அவ்வளவுதான்.

இப்போது முதல் சொல்.

> மூலக்கூறுகள் தாமே ஒன்றுசேர்வதால் 'சுய ஒருங்கிணைப்பு' என்பதே எளிது

எளிதுதான், ஆனால் ஒருங்கிணைப்பு என்பது பிறவினை. ஒருங்கிணைப்பவர் ஒருவர் வேண்டும். விழாவுக்கு ஒருங்கிணைப்பாளர் உண்டு, மிசெலுக்குக் கிடையாது. 'சுய' என்று முன்னால் ஒட்டவைத்து அந்தப் பிறவினையைச் சமாளிக்கிறோம். அப்புறம் அதை வினையாக எழுதிப் பாருங்கள்: "அமிலங்கள் சுய ஒருங்கிணைப்பு செய்கின்றன." யாராவது இப்படிப் பேசுவோமா?

'தன்னொழுங்கமைவு' நல்ல சொல். நல்ல சொல் என்பதாலேயே அதை இங்கே செலவழிக்க வேண்டாம் என்கிறேன். செல்ஃப் ஆர்கனைசேஷன் என்ற வேறொரு கருத்து இருக்கிறது, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அடியில் சூடேற்றிய திரவத்தில் அறுகோணக் கட்டங்களாக ஓட்டம் உண்டாகிறதே, அது அந்த வகை. சூட்டை நிறுத்தினால் கட்டங்கள் கலைந்துவிடும். மிசெல் அப்படியில்லை. குப்பியை மூடி வைத்தாலும் இருக்கும், ஏனென்றால் அது சமநிலையில் இருக்கும் அமைப்பு. உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் மைக்ரோநொடிக் கணக்கில் வெளியே போவதும் வேறொன்று உள்ளே வருவதுமாக இருந்தாலும் மொத்தத்தில் மிசெல் நிலைக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பாடப்புத்தகம் எழுதுகிறவர் மாட்டிக்கொள்வார்.

'தன்திரள்வு' எனக்கு மிக நெருக்கம். திரள் தன்வினை, திரட்டு பிறவினை, ஆகவே 'தன்' என்ற முன்னொட்டு இல்லாமலே தானாக நடப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. ஒரே குறை, எண்ணெயும் திரளும். இதற்கு ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. அதன் உப்பான சோடியம் ஓலியேட்டை பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 10-க்கு மேல் கரைத்தால் தெளிந்த கரைசல், எல்லாம் மிசெல். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 8.5 பக்கம் கொண்டுவாருங்கள், கரைசல் பால் மாதிரி வெளுத்துக் கலங்கும். பாதித் தலைகள் புரோட்டானைப் பிடித்துக்கொள்ள, பிடித்ததும் பிடிக்காததும் ஹைட்ரஜன் பிணைப்பில் ஜோடி சேர்ந்து இரட்டை வால் மூலக்கூறு போல நடந்துகொள்கின்றன, அவை ஈரடுக்குப் படலமாகி, படலம் வளைந்து மூடி, உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்ட நுண்பைகளாகின்றன. வெளுப்பு அந்தப் பைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. இன்னும் அமிலம் விட்டு 7-க்குக் கீழே இறக்கினால் படலம் போய் எண்ணெய்த் துளிகள்தான் மிச்சம். தனியாக நிற்கும் கார்பாக்சில் தலை பிஹெச் 4.8 பக்கம்தான் புரோட்டானை ஏற்கும், படலத்தில் பக்கத்துத் தலைகளின் எதிர்மின்சுமை புரோட்டானை இழுத்துப் பிடிப்பதால் இந்த வேலை 8.5-லேயே நடந்துவிடுகிறது.

ஒரே குப்பி, ஒரே அமிலம், மூன்று நிலை. மூன்றிலும் திரள்வு உண்டு. ஆனால் முதல் இரண்டில்தான் தலை வெளியே வால் உள்ளே என்று ஓர் அமைவு கிடைக்கிறது. நம் சொல் அந்த எண்ணெய்த் துளியை வெளியே நிறுத்த வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: திரண்டமைவு.

திரள், அமை என்ற இரண்டு வினையும் இங்கே தன்வினை, அதனால் 'தன்', 'சுய' எதுவும் வேண்டியதில்லை. வினையாகத் தாராளமாக ஓடும்: "கொழுப்பு அமிலங்கள் நீரில் நுண்பைகளாகத் திரண்டமைகின்றன", "பிஹெச் மிகவும் குறைந்தால் திரண்டமையாது", "திரண்டமையும் மூலக்கூறுகள்". எனக்கு அதைவிடப் பிடித்தது, பிறவினை இணை இலவசமாகக் கிடைப்பது. வெளியிலிருந்து புலமோ அச்சோ கொடுத்துச் சேர்க்கும் டைரக்டட் அசெம்ப்ளிக்குத் 'திரட்டியமைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்த் துளி போல அமைவில்லாமல் சேர்வதற்கு, அதாவது வெறும் அக்ரிகேஷனுக்குத் 'திரள்வு'.

> சொல் நீளமாக இல்லையா?

'சுய ஒருங்கிணைப்பு'வைவிடச் சின்னதுதான் ஐயா.

உயிரின் தோற்றம் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரருகே விழுந்த விண்கல்லிலிருந்து பிரித்த சேர்மங்கள் நீரில் படலப் பைகளாவதை விஞ்ஞானி டேவிட் டீமர் 1985-இல் வெளியிட்டார். அந்தப் பத்தியில் 'ஒருங்கிணைக்கப்பட்டன' என்று எழுதினால் யாரோ செய்தார்கள் என்றாகிவிடும், சொல்ல வருவதற்கு நேர் எதிர். 'திரண்டமைந்தன' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

மிசெலை மிசெல் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மேலே சொன்ன படலப் பைக்கு, அதாவது வெசிகிளுக்குக் 'குமிழி' வேண்டாம், உள்ளே காற்று இருப்பதாக நினைப்பார்கள், 'நுண்பை' போதும். உயிரியல் பக்கம் இருப்பவர்கள் அங்கே வேறு எதற்காவது நுண்பை ஏற்கனவே புழங்குகிறதா என்று பார்த்துச் சொன்னால் அதையும் சேர்த்தே பதிந்துவிடலாம்.

அன்புடன்