புதுப்பிப்பு: மடிக்கணினியில் பேச்சு மங்கிக் கேட்ட சிக்கல் தீர்ந்தது

மடிக்கணினி ஒலிபெருக்கியில் பேச்சு மங்குகிறது, ஈக்வலைசரில் (ஒலியின் தடித்த, மெல்லிய பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) ராக் இசைக்கென்று தயாராக இருக்கும் ‘ராக்’ முன்னமைவைப் போட்டால் கரகரக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

விண்டோஸ் கணினிக்கான ஈக்வலைசர் மென்பொருளான ‘ஈக்வலைசர் ஏபிஓ’வை நிறுவச் சொன்ன யோசனைதான் பலித்தது. முன்னமைவை விட்டுவிட்டு பேச்சை மங்கவைக்கும் தடித்த ஒலிப்பகுதியான 250 ஹெர்ட்ஸை 4 டெசிபல் குறைத்தேன். பேச்சுக்குத் தெளிவு தரும் 3 கிலோஹெர்ட்ஸை 3 டெசிபல் கூட்டினேன். பேச்சு தெளிந்தது, ஆனால் உரத்த இடங்களில் கரகரப்பு மிச்சமிருந்தது. கூட்டிய ஒலி உச்சவரம்பைத் தாண்டி வெட்டுப்பட்டதே காரணம். ப்ரீஆம்ப்பை, அதாவது மென்பொருளில் மொத்த ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, அதே 3 டெசிபல் இறக்கியதும் கரகரப்பு நின்றுவிட்டது. செய்தி வாசிப்பவரின் ‘ச’வும் ‘த’வும் இப்போது தனித்தனியாகக் காதில் விழுகின்றன, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

எதிர்பாராத ஒன்று: புளூடூத் ஹெட்ஃபோனில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நிறுவும்போது வரும் கருவிப் பட்டியலில் அதையும் தனியாகக் குறித்துக் கணினியை மறுபடி தொடங்கிய பிறகே வேலை செய்தது.